எல்லைக் கோடும் இல்லத்துப் பாடலும்

நாடுகளுக்கு எல்லை உண்டு. இசைக்கு எல்லை இல்லை என்று அறிஞர் பலரும் கூறக் கேட்டிருக்கிறோம். கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயினும் வரலாற்றைச் சற்றே ஊன்றி நோக்கினால், பாடலுக்கும் எல்லைகள் வகுக்கப்பட்டு வந்திருப்பது புலப்படும். எந்தப் பாடல் பேரரங்கில் ஒலிக்கலாம், எந்தப் பாடல் அடுக்களையிலும் முற்றத்திலும் அடங்கிக் கிடக்கவேண்டும் என்பதை வணிகமும் சமூகமும் கூடி முடிவு செய்கின்றன. அவ்வாறு வகுத்த எல்லையை ஒரு பெண்மணி எவ்வாறு கடந்தார் என்பதே இப்பேச்சில் நாம் காணப்புகும் செய்தி. அப்பெண்மணி அமெரிக்க ஐக்கிய நாட்டின் புகழ்பெற்ற மெல்லிசைப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட். அவர் வரலாற்றை அறிவதற்கு முன், அவர் பிறந்த மண்ணின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

இடம் பெயர்ந்த எல்லை

அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியில், பாலைநிலத்தின் நடுவே, டூசான் என்னும் நகரம் உள்ளது. 1775-இல் ஸ்பானியர் அங்கே ஒரு கோட்டையை நிறுவினர். 1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்றபோது டூசான் மெக்சிகோவுக்கு உரியதாயிற்று. பின்னர் அமெரிக்க ஐக்கிய நாட்டுடன் நேர்ந்த போரில் மெக்சிகோ தோல்வியுற்றது. 1848-இல் முடிந்த உடன்படிக்கைக்குப்பின், அந்நாடு தன் பழைய நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்து நின்றது. அதன் பின்னும் டூசான் மெக்சிகோவின் கையிலேயே இருந்தது. ஐந்தாண்டு கழித்து, 1853-ஆம் ஆண்டின் இறுதியில் மற்றோர் ஒப்பந்தம் எழுந்தது. ஒரு கோடி டாலர் விலைக்கு ஏறத்தாழ 30,000 சதுர மைல் நிலம் கைமாறியது. அந்நிலத்தினுள் டூசானும் அடங்கியது.

இந்நிகழ்ச்சியின் பொருளை நாம் நன்கு உணர்தல் வேண்டும். அந்நகரத்து மெக்சிகோ மக்கள் எல்லையைக் கடந்து எங்கும் செல்லவில்லை; எல்லைதான் அவர்களைக் கடந்து தெற்கே சென்றது. முதல்நாள் தம் நாட்டில் உறங்கியவர்கள், மறுநாள் பிறிதொரு நாட்டில் விழித்தனர் என்று சொன்னால் அது மிகையாகாது. கொடி மாறியது, சட்டம் மாறியது, நீதிமன்றத்தின் மொழி மாறியது. வீட்டில் பேசிய மொழியும், மாலையில் பாடிய பாட்டும் மாறவில்லை. இன்று எல்லை டூசானுக்குத் தெற்கே சுமார் 60 மைல் தொலைவில் இருக்கிறது. அதற்கப்பால் உள்ளது மெக்சிகோவின் சொனோரா மாநிலம். இருபுறமும் பரந்து கிடப்பது ஒரே பாலைநிலம். உறவும் உணவும் இசையும் இருபுறத்தார்க்கும் பொதுவாகவே இருந்துவந்தன.

வண்டிப் பட்டறையும் வாத்தியக் குழுவும்

1882-இல் சொனோராவிலிருந்து பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் டூசானுக்கு வந்தான். பெயர் ஃபெதரிகோ ரான்ஸ்டாட். ஜெர்மனியிலிருந்து மெக்சிகோவுக்குச் சென்று குடியேறிய பொறியாளர் ஒருவரின் மகன் அவன். தாய் மெக்சிகோப் பெண்மணி. வண்டி செய்யும் தொழிலைக் கற்பதற்காகத் தந்தை அவனை அனுப்பி வைத்தார். தொழிலைக் கற்ற அவ்விளைஞர் நாளடைவில் தாமே வண்டிப் பட்டறை ஒன்றை நிறுவினார். மோட்டார் வண்டிகள் வந்து குதிரை வண்டிகளின் காலம் முடிந்தபோது, அந்தப் பட்டறை இரும்புச் சாமான் கடையாக உருமாறி, நகரத்தின் பெயர்பெற்ற வணிக நிலையங்களுள் ஒன்றாயிற்று.

ஃபெதரிகோவுக்குத் தொழிலில் இருந்த ஆர்வத்திற்குச் சற்றும் குறையாத ஆர்வம் இசையிலும் இருந்தது. 1880-களின் இறுதியில் அவர் நண்பர்களைத் திரட்டி ஒரு வாத்தியக் குழுவை அமைத்தார். தாம் கற்ற இசைக் குறியீடுகளை உடன் இருந்தோர்க்கும் கற்பித்தார். பகலெல்லாம் உழைத்து, மாலையில் குழல் எடுத்து ஊதிய அம்மனிதர்கள் ஊர்த் திடலில் கச்சேரி செய்தனர். கலிபோர்னியா வரை சென்றும் வாசித்து வந்தனர்.

இவருடைய மகள் லூயிசா, 1892-இல் பிறந்தவர். லூயிசா எஸ்பினெல் என்ற மேடைப் பெயருடன் 1920-களிலும் 1930-களிலும் ஸ்பானிய நாட்டுப் பாடல்களை, அவ்வப் பகுதிக்குரிய உடையணிந்து அபிநயத்துடன் பாடிப் பல நகரங்களில் பாராட்டுப் பெற்றார். 1935-இல் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றிலும் தோன்றினார். அக்காலத்து அமெரிக்க மேடையில் 'ஸ்பானிய' என்ற சொல்லுக்கு இருந்த மதிப்பு 'மெக்சிகோ' என்ற சொல்லுக்கு இல்லை என்பதையும் நாம் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வாறு உலகம் சுற்றிய லூயிசா, இறுதியில் தம் இல்லத்துப் பாடல்களுக்கே திரும்பினார். தந்தை பாடக் கேட்ட பழம்பாடல்களைத் தொகுத்து, 1946-இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகச் சிறு நூலாக வெளியிட்டார். அந்நூலின் பெயர் 'கான்சியோனெஸ் தெ மி பாத்ரே'. 'என் தந்தையின் பாடல்கள்' என்பது அதன் பொருள்.

அதே 1946-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள், லூயிசாவின் தம்பி கில்பர்ட்டுக்கு ஒரு மகள் பிறந்தாள். அக்குழந்தையே லிண்டா. அத்தை தொகுத்த நூலின் பெயரை மருமகள் நாற்பத்தோராண்டு கழித்து உலகறியச் செய்யப்போகிறாள் என்பதை அன்று யார் அறிவார்?

முற்றத்தில் ஒலித்த மொழி

லிண்டாவின் தாயார் மெக்சிகோ மரபினர் அல்லர். வடக்கே மிச்சிகன் மாநிலத்தவர். அவருடைய தந்தை மின்சார அடுப்பு, ரப்பர்ப் பனிக்கட்டித் தட்டு முதலியவற்றை ஆக்கிய புதுப்புனைவாளர். ஆகவே வீட்டில் வழங்கிய பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமே. ஆனால் பாட்டு என்று வந்தால் ஸ்பானியம் தானாக வந்து புகுந்துவிடும். கில்பர்ட் இனிய குரல் வாய்ந்தவர்; கடையைக் கவனித்த நேரம் போக, கிதார் மீட்டிப் பாடுவார். லோலா பெல்த்ரான் என்னும் மெக்சிகோப் பெரும்பாடகியின் இசைத்தட்டுகள் அவ்வீட்டில் சுழன்றன. டூசானில் பிறந்து புகழ்பெற்ற பாடலாசிரியர் லாலோ குவெர்ரெரோ குடும்ப நண்பர். அவர் வந்தால் வீடே அரங்காகிவிடும். எல்லைக்கப்பால் மெக்சிகோ மண்ணில் நிறுவப்பட்டிருந்த பெருந்திறன் வானொலி நிலையங்களும் இரவு நேரத்தில் பாலைவெளியைத் தாண்டி இசையைக் கொணர்ந்தன.

இங்ஙனம் லிண்டாவுக்கு ஸ்பானியம் பேச்சுமொழி ஆவதற்கு முன் பாட்டுமொழி ஆயிற்று. பிற்காலத்திலும் அவர் அம்மொழியைத் தங்குதடையின்றிப் பேசவல்லவர் அல்லர். ஆனால் பாடும்போது எழுத்தெழுத்தாக உயிர்பெற்று வெளிவரும். வாய் மறந்த மொழியைச் செவி மறக்கவில்லை.

வீட்டுக்கு வெளியே நிலைமை வேறு. அமெரிக்கத் தென்மேற்கு மாநிலங்களின் பள்ளிகள் பலவற்றில் ஸ்பானியம் பேசிய சிறுவர் தண்டிக்கப்பட்ட காலம் அது. அதற்கு முந்தைய தலைமுறையினர் கண்ட துன்பமோ மிகக் கொடிது. 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது மெக்சிகோ மரபினர் பல இலட்சம் பேர் வற்புறுத்தியும் அச்சுறுத்தியும் நாட்டை விட்டு அனுப்பப்பட்டனர். அவருள் பெருந்தொகையினர் அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்கள். இக்கொடுமைக்குக் கலிபோர்னியா மாநிலம் 2005-இல் தான் சட்டவாயிலாக வருத்தம் தெரிவித்தது.

வானொலி வரலாற்றில் அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெத்ரோ கொன்சாலெஸ் என்பவர் விடியற்காலையில், தொழிலாளர் வேலைக்குப் புறப்படும் நேரத்தில், ஸ்பானிய மொழியில் பாடலும் செய்தியும் ஒலிபரப்பி வந்தார். தம் மக்கள் நாடு கடத்தப்படுவதை எதிர்த்தும் பேசினார். 1934-இல் அவர்மீது குற்றம் சாட்டிச் சிறையிலிட்டனர். 1940-இல் விடுவித்து மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டனர். ஒரு மொழியில் பாடுவதும் பேசுவதும் எத்துணை இடருக்கு உரியனவாக இருந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பெயரை மறைத்த பாடகர்கள்

இத்தகைய சூழலில் பாடவந்தவர்கள் என் செய்தனர்? பலர் பெயரைச் சுருக்கினர். சிலர் முற்றும் மாற்றினர். ஆந்திரேஸ் ராபாகோ என்பவர் ஆண்டி ரஸ்ஸல் ஆனார். 1944-இல் 'பேசாமே முச்சோ' என்னும் மெக்சிகோப் பாடலை ஆங்கிலமும் ஸ்பானியமும் கலந்து பாடிப் பெரும்புகழ் பெற்றார். ஃபுளோரென்சியா கார்டோனா என்னும் எல் பாசோ நகரத்துப் பெண், விக்கி கார் ஆனார். ரிச்சர்ட் வாலன்சுவேலா என்னும் கலிபோர்னிய இளைஞர், ரிச்சி வாலன்ஸ் ஆனார். இவ்விளைஞர் 1958-இல் வெராகுரூஸ் பகுதியின் பழைய நாட்டுப்பாடலான 'லா பாம்பா'வை ராக் இசையில் அமைத்துப் பாடினார். அவரும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவரே. 1959 பிப்ரவரி 3-ஆம் நாள், பதினேழு வயதில், விமான விபத்தில் மாண்டார். பெயரை மறைத்துக்கொண்ட அவர், பாடலை மட்டும் மறைக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது.

லிண்டா ரான்ஸ்டாட்டுக்குப் பெயரை மாற்றவேண்டிய தேவை நேரவில்லை. ஜெர்மானியக் கொள்ளுப்பாட்டனின் பெயரே திரையாக அமைந்துவிட்டது. அப்பெயரைக் கேட்டோர் எவரும் அவரை மெக்சிகோ மரபினர் என்று எண்ணவில்லை. அவர் தம் மரபை ஒருபோதும் மறைத்ததில்லை. எனினும் கேட்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. மறைத்தலினும் மறக்கப்படுதல் எளிது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

புகழின் உச்சி

1964-இல், பதினெட்டு வயதில், லிண்டா லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடைந்தார். நண்பர் இருவருடன் 'ஸ்டோன் போனீஸ்' என்ற குழுவை அமைத்தார். 1967-இல் வெளிவந்த 'டிஃபரன்ட் டிரம்' என்ற பாடல் அவர் குரலை நாடறியச் செய்தது. பின்னர்த் தனித்துப் பாடலானார். 1971-இல் அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த இளைஞர்களே பிரிந்து சென்று 'ஈகிள்ஸ்' என்ற உலகப்புகழ் பெற்ற குழுவை அமைத்தனர் என்பதும் ஒரு சுவையான செய்தி.

1974-இன் இறுதியில் வந்த 'ஹார்ட் லைக் எ வீல்' என்ற இசைத்தொகுப்பு, 1975-இல் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. 1977-இல் 'டைம்' வார இதழ் அவர் படத்தை அட்டையில் வெளியிட்டது. அதே ஆண்டு வந்த 'சிம்பிள் டிரீம்ஸ்' என்ற தொகுப்பு முப்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. பெருங்கூட்டம் நிறைந்த விளையாட்டரங்குகளில் ராக் இசை பாடுவது ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட காலத்தில், அவ்வரங்குகளை நிரப்பிய பெண் அவர்.

இந்த ஆங்கில இசைப் பெருக்கின் நடுவிலும், ஊற்றுக்கண் போல ஸ்பானியம் அவ்வப்போது தலைகாட்டியது. 1976-இல் வந்த தொகுப்பில் 'லோ சியென்தோ மி வீதா' என்ற பாடல் இருக்கிறது; அதனை இயற்றியோருள் ஒருவர் தந்தை கில்பர்ட். 'புளூ பேயூ' என்ற புகழ்பெற்ற பாடலையும் லிண்டா ஸ்பானியத்தில் பாடித் தனி இசைத்தட்டாக வெளியிட்டார். ஆனால் இவை ஆற்றில் மிதந்த இரண்டு மலர்களாகவே நின்றன.

ஒரே வகை இசையில் நின்றுவிட லிண்டாவின் உள்ளம் ஒப்பவில்லை. 1980-இல் 'பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' என்னும் பழைய இசைநாடகத்தில் நடித்தார். 1983 முதல், நெல்சன் ரிடில் என்னும் இசையமைப்பாளருடன் கூடி, முந்தைய தலைமுறையின் மென்மையான பாடல்களை மூன்று தொகுப்புகளாகப் பாடினார். 'இவை விற்கமாட்டா' என்று வணிகர் அஞ்சினர்; முதல் தொகுப்பே முப்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. இந்த வெற்றி, அவர் நெடுநாள் நெஞ்சில் வைத்திருந்த எண்ணத்தைச் செயலாக்கத் துணிவு தந்தது.

தந்தையின் பாடல்கள்

அவ்வெண்ணம் யாது? சிறுவயதில் முற்றத்தில் கேட்ட மெக்சிகோப் பாடல்களை, அப்பாடல்களுக்கே உரிய மரியாச்சி இசைக்குழுவுடன், ஆங்கிலச் சொல் ஒன்றும் கலவாமல் ஒரு முழுத் தொகுப்பாகப் பாடவேண்டும் என்பதே. இசைத்தட்டு நிறுவனத்தார் தயங்கினர். ராக் பாடகி பழைய நாட்டுப்பாடல் பாடினால் யார் வாங்குவார், வானொலிகளில் யார் ஒலிபரப்புவார் என்பது அவர்கள் கணக்கு. லிண்டா தம் கருத்தினின்று அசையவில்லை.

மரியாச்சி என்பது மேற்கு மெக்சிகோவின் சிற்றூர்களில் தோன்றிய இசைமரபு. வயலின்கள் பல, டிரம்பெட்டுகள் இரண்டு, கிதார், முதுகு புடைத்த ஐந்து நரம்புச் சிறுகருவியான விகுவேலா, பானை வயிறு போன்ற பெரிய உடலும் ஆழ்ந்த ஒலியும் கொண்ட கித்தார்ரோன். இவை கூடியதே இன்றைய மரியாச்சிக் குழு. தொடக்கத்தில் டிரம்பெட் இல்லை. இருபதாம் நூற்றாண்டில், வானொலியும் திரைப்படமும் வளர்ந்த நாளில் அது வந்து சேர்ந்தது. குழுவினர் வெள்ளி வேலைப்பாடு அமைந்த குதிரை வீரர் உடையணிந்து பாடுவர். திருமணத்திலும் இழவிலும், காதலி வீட்டுச் சன்னலடியிலும் இவ்விசை ஒலிக்கும். 2011-இல் யுனெஸ்கோ நிறுவனம் இம்மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

இம்மரபில் தலைசிறந்தது, ஹலிஸ்கோ மாநிலத்தின் தெகாலித்லான் என்னும் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வர்காஸ் குடும்பத்தார் தொடங்கிய குழு. அக்குழுவின் இசையை 1940-கள் முதல் செம்மைப்படுத்தியவர் ரூபென் ஃபுவென்தெஸ். லிண்டா நாடியது இவரையே. இம்மேதையின் பொறுப்பில், வர்காஸ் குழுவும் அமெரிக்காவிலுள்ள வேறு சில மரியாச்சிக் குழுக்களும் சேர்ந்து வாசித்தன.

பாடுவது எளிதாக இருக்கவில்லை. உவப்பாங்கோ என்னும் பாடல் வகையில் தாளம் மூன்றாகவும் ஆறாகவும் மாறி மாறி விழும். பாடுவோர் கீழ்க்குரலிலிருந்து திடீரென மெல்லிய மேற்குரலுக்குத் தாவி, அங்கே நெடுநேரம் நிற்கவேண்டும். விளையாட்டரங்குகளை அதிரவைத்த பாடகி, மாணவியைப்போல் அமர்ந்து சொல்லையும் தாளத்தையும் பயின்றார். சிறுவயதில் கேட்டுப் பாடம் ஆனவற்றை, முதுமை மரபு வழுவாமல் மீண்டும் கற்றார்.

1987 நவம்பரில் தொகுப்பு வெளிவந்தது. பெயர், அத்தையின் நூலுக்கு இருந்த அதே பெயர்: 'கான்சியோனெஸ் தெ மி பாத்ரே'. சொனோராவின் செப்புச் சுரங்க ஊரான கனனேயாவின் சிறையைப் பற்றிய கதைப்பாடல் அதில் உண்டு. குவைமாஸ் துறைமுகத்துப் படகைப் பற்றிய பாடல் உண்டு. பாடிக்கொண்டே மடிவது சில்வண்டின் இயல்பு என்னும் நாட்டார் நம்பிக்கையைத் தழுவிய 'லா சிகார்ரா'வும் உண்டு. பாட்டன் விட்டுவந்த மண்ணின் மணம் அப்பாடல்களில் கமழ்ந்தது.

வணிகரின் கணக்குப் பொய்த்தது. ஆங்கிலம் அல்லாத மொழியில் அமைந்த அத்தொகுப்பு, அமெரிக்காவில் இருபது இலட்சத்துக்கு மேல் விற்றது. அந்நாட்டில் பிறமொழி இசைத்தொகுப்புகளுள் மிகுதியாக விற்றது இதுவே என்று இசைத்துறையார் பலர் மதிப்பிடுவர். கிராமி விருதும் பெற்றது. 1988-இல் இப்பாடல்கள் ஆடலுடன் கூடிய மேடை நிகழ்ச்சியாக நியூயார்க் பிராட்வே அரங்கில் ஏறின. தொலைக்காட்சியில் வந்த அந்நிகழ்ச்சி 1989-இல் எம்மி விருதையும் ஈட்டித் தந்தது. 1991-இல் 'மாஸ் கான்சியோனெஸ்' என்ற இரண்டாம் தொகுப்பில் லிண்டா தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்தும் பாடினார். 1992-இல் கியூபா முதலிய நாடுகளின் இசையைத் தழுவிய 'ஃபிரெனேசி' வெளிவந்தது. இவ்விரண்டும் கிராமி விருது பெற்றன.

காலத்தின் பொருத்தத்தையும் நாம் காணவேண்டும். அதே 1987-இல் தான் 'லாஸ் லோபோஸ்' என்னும் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ் குழுவினர், வாலன்ஸ் பாடிய 'லா பாம்பா'வை மீண்டும் பாடி, அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றனர். ஸ்பானிய மொழிக்கு மூடியிருந்த கதவு ஒரே ஆண்டில் இரு பக்கமிருந்தும் தட்டப்பட்டது எனலாம்.

விற்பனையினும் பெரிய விளைவு ஒன்று உண்டு. மரியாச்சி என்றால் உணவுவிடுதிக் கூத்து என்று எண்ணியிருந்தவர்கள், அதனைப் பேரரங்குக்கு உரிய கலையாகக் காணத் தொடங்கினர். டூசானில் 1964 முதலே இளைஞர் மரியாச்சிக் குழு ஒன்று இருந்துவந்தது. 1983-இல் அங்கே அனைத்துலக மரியாச்சி மாநாடும் தொடங்கியது. லிண்டாவின் இசைத்தட்டு இம்முயற்சிகளுக்கு உரமூட்டியது. தென்மேற்கு மாநிலங்களின் பள்ளிகளில் மரியாச்சி ஒரு பாடமாகப் பரவியது. தாத்தாக்கள் ஸ்பானியம் பேசி அடிபட்ட பள்ளிகளில், பேரக்குழந்தைகள் ஸ்பானியப் பாடல் பாடி மதிப்பெண் பெறும் காலம் வந்தது. ஒரு பாடகி தனித்து நின்று இதனைச் செய்தார் என்று கூறுதல் பொருந்தாது. பல ஆசிரியர்களும் இசைவாணரும் பல்லாண்டு உழைத்தனர். ஆனால் அவர்தம் உழைப்புக்கு நாடறிந்த குரல் ஒன்று துணைநின்றது.

குரல் அடங்கிய பின்

2000-ஆம் ஆண்டையொட்டி லிண்டா தம் குரலில் ஏதோ தளர்ச்சியை உணர்ந்தார். நினைத்த சுரத்தைத் தொண்டை தர மறுத்தது. காரணம் விளங்காமலே சில ஆண்டுகள் போராடினார். 2009 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்தில் அவர் நிகழ்த்தியதே கடைசிக் கச்சேரி. அக்கச்சேரியில் உடன் வாசித்தோர் மரியாச்சி இசைவாணரே என்பது குறிப்பிடத்தக்கது. 2013 ஆகஸ்டில், தமக்குப் பார்க்கின்சன் நோய் என்னும் நடுக்குவாதம் கண்டிருப்பதாகவும், இனிப் பாட இயலாதென்றும் உலகுக்கு அறிவித்தார். பின்னர் மருத்துவர்கள், அதனை ஒத்த வேறோர் அரிய நரம்பு நோய் அது என்று தெளிந்தனர்.

பாட இயலாவிடினும் பேச இயன்றது. 2010-இல் அரிசோனா மாநிலம் குடியேறிகளைப் பற்றிக் கடுமையான சட்டம் இயற்றியபோது, அதனை எதிர்த்து லிண்டா வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். எல்லைக்கு இருபுறமும் வாழ்வோர் ஒரே குடும்பத்தார் என்பது அவருக்குக் கொள்கையாக மட்டும் இருக்கவில்லை. தம் வீட்டு வரலாறாகவும் இருந்தது. 2019-இல், பாட்டனின் சொந்த நிலமான சொனோராவின் பனாமிச்சி என்னும் சிற்றூருக்குக் கலிபோர்னியாவின் 'லாஸ் சென்சொந்த்லெஸ்' குழுவைச் சேர்ந்த இளம் பாடகர்களையும் ஆடுநரையும் அழைத்துச் சென்றார். அவர்கள் பாட, அவர் அமர்ந்து கேட்டார். அப்பயணம் 2020-இல் ஓர் ஆவணப்படமாக வெளிவந்தது. 2022-இல் அப்பகுதியின் வாழ்வையும் உணவையும் பாட்டையும் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

சிறப்புகளும் வந்து குவிந்தன. 2014-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா தேசியக் கலைப் பதக்கத்தை அணிவித்தார். 2019-இல் கென்னடி மையத்தின் சிறப்பு கிட்டியது. 2022-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், என்றும் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பட்டியலில் 'கான்சியோனெஸ் தெ மி பாத்ரே'யைச் சேர்த்தது. எத்தனையோ ஆங்கிலப் பாடல்களால் புகழ்பெற்றவரின் குரலிலிருந்து அவ்வாண்டு அப்பட்டியல் ஏற்றது, அவர் தந்தை முற்றத்தில் பாடிய பாடல்களையே.

அதே 2022-இல் டூசான் நகரம் தன் பெரிய இசையரங்கத்துக்கு லிண்டா ரான்ஸ்டாட்டின் பெயரைச் சூட்டியது. இவ்வரங்கம் நிற்கும் இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1960-களின் இறுதியில், நகரச் சீரமைப்பு என்ற பெயரால், மெக்சிகோ மரபினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஏறத்தாழ 80 ஏக்கர்க் குடியிருப்பை நகராட்சி இடித்துத் தள்ளியது. மண்சுவர் வீடுகளும் கடைகளும் மறைந்தன. அங்கு வாழ்ந்தோர் திசைக்கொருவராகச் சிதறினர். அவ்விடத்தில் எழுந்த கட்டடங்களுள் ஒன்றே இந்த இசையரங்கம். அப்பழங்குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவரே முன்னர் நாம் கூறிய லாலோ குவெர்ரெரோ. இழந்த தெருக்களை எண்ணி அவர் பாடிய பாட்டு டூசான் மக்களின் நினைவில் நிலைத்திருக்கிறது.

வீடுகளை இடித்த நிலத்தின் மேல், அவ்வீடுகளில் ஒலித்த பாடல்களைக் காத்த பெண்ணின் பெயர் இப்போது எழுதப்பட்டிருக்கிறது. இழந்த வீடுகளுக்கு இது ஈடாகுமா என்றால், ஆகாது. பெயர்ப்பலகை கூரையாவதில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். 1853-இல் கோடு கிழித்தவர்கள் நிலத்தை அளந்தார்கள், விலை பேசினார்கள், வாங்கினார்கள். அந்நிலத்தின் முற்றங்களில் ஒலித்த பாட்டை அவர்கள் அளக்கவும் இல்லை, விலைக்குக் கேட்கவும் இல்லை. வண்டி செய்த பாட்டனிடமிருந்து அத்தைக்கும், தந்தையிடமிருந்து மகளுக்கும் அது கைமாறி வந்தது. இன்று மகளால் பாட இயலவில்லை. பள்ளிச் சிறுவர் பாடிக்கொண்டிருக்கின்றனர்.